எதெல்மிராவின் நாக்கு

சான் லிசார்தோவில் ஒயினைப் பற்றி வாய் கிழியப் பேசாத ஆளே கிடையாது. பேச்சு முற்றிச் சட்டைக் கையை மடித்துவிடும் நிலைமை வந்தால், கூட்டத்தில் யாராவது ஒருவர், "சரி வாங்கய்யா, எதெல்மிரா கிட்டயே போயிடுவோம்" என்பார். அத்தோடு சண்டை அடங்கிவிடும். அவள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னால் சொன்னதுதான். பாதிரியாரின் சொல்லை மறுத்துப் பேசியவர்கள் அந்த ஊரில் உண்டு. எதெல்மிராவின் நாக்கை மறுத்துப் பேசியவர் யாரும் இல்லை.

அவளுடைய கடை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. மேல்தட்டில் தலைநகரத்துக் கம்பெனிகளின் பாட்டில்கள் தங்க எழுத்துகளோடு வரிசையாக நின்று தூசி படிந்துகொண்டிருக்கும். கீழே, சுவரோரமாக, பீப்பாய்கள். இத்தாத்தா ஆற்றின் இரு கரை மேடுகளிலும் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சின்னத் தோட்டக்காரர்கள் காலால் மிதித்துப் பிழிந்து கொண்டுவந்து இறக்கியவை. கடைக்குள் நுழைபவர்களின் கண் நேராகக் கீழேதான் போகும். "ஒரு குவளை மணல்கரை குடுங்க" என்பார்கள். "எனக்குக் கருங்கல் மேடு" என்பார்கள். பாட்டில் பெயர் சொல்லிக் கேட்பவன் வெளியூர்க்காரன்.

மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தக் கடையில் நின்று பார்க்க வேண்டும். மணல்கரை ஒயின் லேசானது. பழுத்த ஸ்ட்ராபெரியைக் கையில் நசுக்கியது போல் மணக்கும், தொண்டையில் தங்காது. கருங்கல் மேட்டு ஒயின் அப்படி இல்லை. நாக்கின் மேல் இரும்பு ஆணியை வைத்தது போல் முதலில் ஒரு சுள். அது அடங்கியதும் காட்டு ரோஜா வாசம் மெல்ல மெல்ல மேலே வரும். வெள்ளை மஸ்கத் திராட்சை ஒயினைக் குடிக்கவே வேண்டாம், குவளையை மூக்கருகே கொண்டுபோனாலே ஆரஞ்சு மரம் பூத்துவிடும். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் குடித்து, இது பெரிதா அது பெரிதா என்று மல்லுக்கு நிற்பதுதான் ஊராருக்குப் பொழுதுபோக்கு.

பேருந்து ஓட்டுநர் பெலார்மினோவுக்கு அதிலும் குறும்பு. ஒருநாள் இரண்டு ஒயின்களை வீட்டிலேயே கலந்து, ஒரு கரண்டிச் சர்க்கரையும் போட்டுக் கொண்டுவந்து, 'தோன்யா' என்று அம்மா பட்டம் போட்டு மரியாதையாக நீட்டினான்.

"தோன்யா எதெல், புதுத் தோட்டம். யாருதுன்னு சொல்லுங்க பாப்போம்."

எதெல்மிரா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடவில்லை, குவளையைச் சுழற்றவில்லை. ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பாதி மணல்கரை. பாதி உங்க மாமனார் தோட்டம், அதுவும் பீப்பாய் அடி வண்டல். சர்க்கரை உங்க வீட்டம்மா டப்பாவுல இருந்து எடுத்தது. கிராம்பும் அதே டப்பாவுலதான் வெச்சிருக்காங்கன்னு தெரியுது. கேட்டுதான் எடுத்தீங்களா, இல்ல திருட்டா?"

கடை அதிர்ந்தது. "மாட்டினியாடா!" என்று நாலு பேர் பெலார்மினோவின் முதுகில் அறைந்தார்கள். அன்று இரவு மனைவி கையால் வேறு அவனுக்குக் கிடைத்தது.

அந்த நாக்கைத் தவிர எதெல்மிராவுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருந்தது? வயது ஐம்பத்தெட்டு. கல்யாணம் இல்லை. கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதில் ஒரு கட்டில். ஒரே தங்கை ரொசாவுரா. அந்தத் தங்கையின் கணவன் ஒனோஃப்ரே.

அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். இருபத்து மூன்று வயதில் எதெல்மிரா ஒனோஃப்ரேவை மனதில் வைத்திருந்தாள். அறுவடைக் காலத்தில் ஒரே தொட்டியில் இறங்கித் திராட்சை மிதித்தவர்கள் அவர்கள். முழங்கால் வரை சிவந்து நின்றுகொண்டு அவன் சிரிப்பான், இவள் சிரிப்பாள். ஊர் என்னென்னவோ பேசியது. கடைசியில் ஒருநாள் அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். எதெல்மிரா தலையை வாரிக்கொண்டு வருவதற்குள், ரொசாவுராவைக் கேட்டு முடித்திருந்தான். அவள் வாரிய தலையோடு வந்து எல்லோருக்கும் ஒயின் ஊற்றினாள். அன்று தொடங்கி முப்பத்தைந்து வருடம், அந்தப் பேச்சை அவள் யாரிடமும் எடுக்கவில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒனோஃப்ரே, கருங்கல் மேடுகளில் ஒன்றான தன் பெரால் மேட்டு ஒயினைக் கொண்டுவருவான். அவள் ருசி பார்ப்பாள். அவளுக்கு அது போதும். போதும் என்று சொல்லிக்கொண்டாள்.

ஆகஸ்டு மாதத்தில்தான் ருசி பார்க்கும் நாள். மேடுகளிலிருந்து தோட்டக்காரர்கள் ஆளுக்கு ஒரு குடுவை கொண்டுவருவார்கள். ஒவ்வொன்றாக அவள் குடித்துப் பார்த்து, 'சுத்தம்' என்று சொன்னால் அந்தப் பீப்பாய் கடைக்குள் வரும். தோட்டக்காரர் பெயரைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி, மூடியை மெழுகால் அடைத்துவிடுவாள். செப்டம்பர் பதினெட்டு நாட்டின் திருநாள். அதற்கு முந்தைய நாள் வரை அந்த மெழுகை யாரும் உடைக்கக் கூடாது. உடைத்தால் அந்தத் தோட்டத்துக்கு ஆகாது என்று ஊர் நம்பியது.

ஒரு குடுவைக்கும் அடுத்ததற்கும் நடுவே வாயைச் சுத்தம் செய்ய வேண்டுமே! வேறு ஊர்களில் அதற்கு ரொட்டி கடிப்பார்களாம். இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாவற்றுக்கும் வறுத்த கோதுமை மாவுதான். காலையில் பாலில் கரைத்துக் குடிப்பார்கள், மதியம் குளிர்ந்த ஒயினில் போட்டுக் குடிப்பார்கள். எதெல்மிராவும் ஒரு கிண்ணம் மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு சிட்டிகை வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டு அடுத்த குடுவைக்குப் போவாள். முப்பது வருடப் பழக்கம். ஒரு வருடமும் அது அவளை ஏமாற்றியதில்லை.

அந்த வருடம் பிப்ரவரியில், அந்த ஊர்க் கோடையில், தீ வந்தது.

பைன் காடுகள் மேட்டுக்கு மேடு பற்றிக்கொண்டு எரிந்தன. ஒனோஃப்ரே தோட்டத்தின் உச்சியில் தண்ணீர்க் குழாயோடு நின்றான். "நீ வீட்டுலயே இரு. நெருப்பு இந்தப் பக்கம் வராது" என்று ரொசாவுராவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். நூறு வருடத்துத் திராட்சைச் செடிகள் பச்சையாக நின்றன. தீ அந்தப் பச்சையின் விளிம்பு வரை வந்து, முட்டிப் பார்த்து, நின்றுவிட்டது. பிறகு காற்று திரும்பியது. வீடு இருந்த பக்கம் திரும்பியது.

ரொசாவுராவை அடக்கம் செய்த அன்று ஒனோஃப்ரே அழவில்லை. எரிந்த வீட்டின் அருகே தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தான். ஏப்ரலில் தனி ஆளாக அறுவடை செய்தான். "அற்புதம்யா, சுத்திலும் எல்லாம் கரியாப் போயிருக்கு, பெரால் மேட்டுல ஒரு பழம் வாடல" என்று ஊர் வியந்தது. அற்புதம் என்று சொன்னவர்களை அவன் ஒரு பார்வை பார்ப்பான், அவ்வளவுதான்.

ஆகஸ்டு வந்தது. ஒனோஃப்ரே குடுவையோடு வந்தான். சட்டை ஆணியில் மாட்டிய மாதிரி தொங்கியது. கடையில் அப்போது வேறு இரண்டு தோட்டக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய குடுவைகளை முடித்துவிட்டு, ஒரு சிட்டிகை மாவு மென்று, அவனுடையதைக் குடித்தாள்.

"பெரால் மேடு," என்றாள். "சுத்தம்."

அவன் நகரவில்லை. "இன்னொரு வாய் குடி எதெல்."

"ஏன், எனக்கு ஒரு வாய் பத்தாதா?"

"இல்ல... வேற ஏதாச்சும் தெரியுதான்னு பாரு."

"வேற என்ன தெரியணும்?" அவள் மறுபடி மாவு மென்று, மறுபடி குடித்தாள். "அதே சுள். அதே ரோஜா. கொஞ்சம் வறுத்த வாசம் வருது, அது என் வாயில இருக்கற மாவு. உன் மேட்டு ஒயின எனக்குத் தெரியாதா?"

"நிச்சயமா?"

"என்னய்யா இது, அவங்க நாக்கையே சந்தேகப்படற!" என்று பக்கத்தில் நின்றவர் சிரித்தார்.

ஒனோஃப்ரே சிரிக்கவில்லை. முகம் வெளுத்தது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நிம்மதியில் வெளுத்த முகம் என்று எதெல்மிரா நினைத்துக்கொண்டாள். பீப்பாயில் அவன் பெயரை மற்றவர்கள் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினாள். அன்று இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு, இந்த ஒயின் நன்றாகப் போனால் அவன் மேட்டிலேயே இருப்பான், வருவான் போவான் என்று நினைத்தாள். நினைத்த மறுகணமே, தங்கை செத்து ஆறு மாதம்தானே ஆகிறது என்று வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

செப்டம்பர் பதினாறாம் தேதி காலை. பக்கத்து ரொட்டிக் கடை நோல்ஃபா ஓடிவந்தாள். அவளுக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு. கோதுமை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரொட்டிக் கடைக்காரிக்குக் கோதுமை ஆகாது என்பதே ஊருக்குப் பெரிய வேடிக்கை.

"எம்பனாதா ரொட்டிக்குள்ள அடைக்கற கறிய ஊற வெக்கணும் தோன்யா, ஒரு சொம்பு நல்ல ஒயினா குடுங்களேன். கருங்கல் மேடா இருந்தா நல்லது."

"மெழுகு நாளைக்குத்தான் உடைக்கணும்."

"கறி நாளைக்கு வரைக்கும் காத்திருக்குமா? நானூறு எம்பனாதா சொல்லியிருக்காங்க. சத்தமில்லாம உடைங்க, சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

எதெல்மிரா சிரித்துக்கொண்டே ஒனோஃப்ரேவின் பீப்பாயை உடைத்து ஊற்றினாள். முதல் விற்பனை அவனுடையதாக இருக்கட்டும் என்று ஓர் ஆசை. நோல்ஃபா அங்கேயே ஒரு வாய் வைத்தாள். அடுத்த நொடி வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"தூ! என்ன தோன்யா இது? அடுப்புச் சாம்பல கரைச்சுக் குடிச்ச மாதிரி இருக்கு!"

"உங்களுக்கு வயிறுதான் கெட்டுப் போச்சுன்னு நினைச்சேன். வாயுமா?"

"டாக்டர் மாவைத்தான் நிறுத்தினான், நாக்கை அறுக்கல. நீங்களே குடிச்சுப் பாருங்க."

எதெல்மிராவின் கை, பழக்கத்தில், மாவுக் கிண்ணத்துக்குப் போனது. கிண்ணம் காலி. வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டுக் குடித்தாள்.

முதலில் சுள். பிறகு ரோஜா. விழுங்கினாள். விழுங்கிய பிறகு வந்தது. தொண்டையின் அடியிலிருந்து, எரிந்து அணைந்த வீட்டுக்குள் நுழைந்தது போல. ஈரக் கரி. நனைந்த சாம்பல். தண்ணீர் குடித்தாள், போகவில்லை. எச்சில் ஊற ஊற அதிகமானது.

புகை! பழத்தின் தோலுக்குள் புகுந்து உட்கார்ந்திருந்த புகை! ஆகஸ்டில் அவள் நாக்கில் பட்ட அந்த வறுத்த வாசம் மாவினுடையது அல்ல. முப்பது வருடம் துணை வந்த மாவு, இந்த ஒரு வருடம் அவள் வாயைக் கட்டிவிட்டது.

"தோன்யா? முகம் ஏன் இப்படிப் போகுது?"

"சொம்பு," என்றாள் எதெல்மிரா. "சொம்பைச் சாம்பல் போட்டுத் தேச்சேன், கழுவ மறந்துட்டேன். குடுங்க, வேற ஊத்தித் தரேன்." வேறு பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். வாழ்க்கையில் ஒயினைப் பற்றி அவள் சொன்ன முதல் பொய் அது. அது வாயிலிருந்து எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது!

அன்று பகல் முழுவதும் அவளுக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. மேட்டுக்குப் போய் அவனிடம் சொல்ல வேண்டும். சொன்னால்? மனைவியைக் கொடுத்துக் காப்பாற்றிய தோட்டம். அதில் கிடைத்தது சாம்பல் என்று எந்த வாயால் சொல்வது? அவன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறைமுகத்து ஊரில் இருக்கும் மகளிடம் போய்விட மாட்டானா? இன்னொன்றும் இருந்தது. 'சுத்தம்' என்று சொன்னது அவள். அந்த நாக்கு தவறியது என்று தெரிந்தால், நாளைக்கு அவள் யார்? கடைத் தெருவில் ஓர் ஒற்றைக் கிழவி.

மாலைக்குள் வழி கண்டுபிடித்துவிட்டாள். மாவு எதை மறைத்ததோ, அதை மறுபடியும் மாவே மறைக்கட்டும்.

திருநாளன்று சதுக்கத்தில் கொடிகள் பறந்தன. கிதார் ஒலிக்க, கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டு ஜோடி ஜோடியாக ஆடினார்கள். எதெல்மிரா கடை வாசலில் பெரிய அண்டாவை ஏற்றியிருந்தாள். பெரால் மேட்டு ஒயினில் ஆரஞ்சுத் துண்டுகள், பட்டை, கிராம்பு, சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்தாள். குளிர்ச்சியாக வேண்டும் என்றவர்களுக்கு வறுத்த மாவைக் கை நிறைய அள்ளிக் கலந்து கொடுத்தாள்.

"எனக்கு ஒண்ணும் போடாம, பச்சையா ஒரு குவளை," என்றான் பெலார்மினோ.

"பச்சையா குடிச்சா உங்க பஸ்ஸு ரோட்டுல போகாது, ஆத்துல போகும். மாவு போட்டதைக் குடிங்க, வயித்துக்கு நல்லது."

"என் பொண்டாட்டியே என்னை இவ்வளவு கவனிக்கறதில்ல தோன்யா!"

"கவனிச்சிருந்தா டப்பாவுல சர்க்கரை திருட்டுப் போயிருக்குமா?"

சிரித்தார்கள், குடித்தார்கள், நாக்கைச் சப்புக்கொட்டினார்கள். "பெரால் மேடு பெரால் மேடுதான்யா!" ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒனோஃப்ரே வந்தான்.

கறுப்புச் சட்டை. ஒவ்வொருவர் முன்பும் போய் நின்றான். "எப்படி இருக்கு?" "அருமை, தோன் ஒனோஃப்ரே." "உங்களுக்கு?" "தேன் மாதிரி." "உங்களுக்கு ஏதாச்சும்... வேற மாதிரி?" "என்ன வேற மாதிரி? இன்னொரு குவளை வேணும்ங்கற மாதிரி இருக்கு!" கேட்டுக்கொண்டே கடைக்குள் வந்தான். தன் பீப்பாயின் குழாயைத் தானே திறந்து, ஒன்றும் கலக்காமல் ஒரு குவளை பிடித்துக் குடித்தான். எதெல்மிரா அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் கண் மூடியது. தாடை இறுகியது.

அவனுக்குத் தெரிகிறது! தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறான் என்று நினைத்தாள்.

"எதெல்," என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது. "உனக்கு ஒண்ணும் தெரியலையா? உண்மையாவே ஒண்ணும் தெரியலையா?"

வெளியே ஆட்டம் உச்சத்தில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அவள் சொல்லியிருக்கலாம்.

"என்ன தெரியணும் ஒனோஃப்ரே?" என்றாள்.

அவன் தலையசைத்தான். குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனான்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி பெலார்மினோ கடைக்கு வந்தபோது ஒயின் கேட்கவில்லை. "தோன்யா, உங்க தங்கச்சி வீட்டுக்காரர் மேட்ட மரக் கம்பெனிக்குக் குடுத்துட்டார், தெரியுமா? யூக்கலிப்டஸ் நடப் போறாங்களாம். முந்தாநாள்ல இருந்து மெஷின் செடிய எல்லாம் பிடுங்குது. போற வழியில பாத்தேன்."

எதெல்மிரா அதே பேருந்தில் ஏறினாள். கிளம்பும்போது கையில் எடுத்துக்கொண்டது மணல்கரை ஒயின் ஒரு குடுவை. பெரால் மேட்டுக்காரன் வீட்டுக்கு வேறு மேட்டு ஒயினோடு போவது அவமதிப்பு. அந்தப் பள்ளத்தாக்கில் எந்தத் தோட்டக்காரனும் தன் மேசையில் தன் ஒயினைத் தவிர வேறொன்றை வைக்கமாட்டான், பிறர் ஒயினை வாயில் வைக்கவும் மாட்டான். ஆனால் அவளால் அவனுடைய ஒயினை இனி அவனோடு உட்கார்ந்து குடிக்க முடியாது. அதனால்தான் எடுத்தாள்.

பாதி மேடு சிவப்பு மண்ணாகத் திறந்து கிடந்தது. மனித உடம்பு பருமனுள்ள அடிக்கட்டைகள், வேர் மேலே, தலை கீழே. ஒனோஃப்ரே கொட்டகை வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். மெஷின்காரர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள்.

"ஏன் இப்படிப் பண்ண?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஒயின்தான் நல்லாப் போச்சே! ஊரே கொண்டாடிச்சே!"

"அதனாலதான்." நிதானமாகச் சொன்னான். "ஊருக்கே நல்லா இருந்துச்சு. உனக்கும் நல்லா இருந்துச்சு. எனக்கு மட்டும் சாம்பல்."

எதெல்மிராவின் கால் நின்ற இடத்தில் நின்றது.

"ஏப்ரல்ல பிழிஞ்சப்ப ஒண்ணும் இல்ல. குளிர் வந்தப்புறம் வந்துச்சு. சாப்பாட்டுக்கு ஒரு வாய் குடிச்சா சாம்பல். ராத்திரி ஒரு வாய் குடிச்சா சாம்பல். முதல்ல ஒயின்லதான் கோளாறுன்னு நினைச்சேன். சரி, எதெல் கிட்டக் கொண்டு போவோம், அவ சொல்லிடுவான்னு வந்தேன். நீ சுத்தம்னு சொன்ன. திருநாளுக்கு வந்து பாத்தேன், ஒருத்தன் துப்பல. அப்ப அது ஒயின்ல இல்லயே! எனக்குள்ளதானே இருக்கு?" அவன் தன் நெஞ்சில் விரலை வைத்தான். "வீட்டுலயே இருன்னு நான்தான் சொன்னேன். அவளை விட்டுட்டு இந்தக் கட்டைங்களுக்குத் தண்ணி அடிச்சிட்டிருந்தேன். இதுங்க குடுக்கற ஒவ்வொரு வாயிலயும் அவ எரியறா எதெல். எத்தனை நாள் குடிக்க முடியும்?"

அவள் மண்ணில் மண்டியிட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள். மாவைச் சொன்னாள். பழத்தோலில் புகுந்த புகையைச் சொன்னாள். அண்டாவில் ஆரஞ்சும் பட்டையும் போட்டது எதற்கு என்று சொன்னாள். அது இந்த ஒரு வருடத்து ஒயினில் மட்டும்தான், அடுத்த அறுவடையில் இருந்திருக்காது என்றும் சொன்னாள்.

ஒனோஃப்ரே அவளை இரக்கத்தோடு பார்த்தான். "நீ நல்லவ எதெல். என்னைத் தேத்தறதுக்கு உன் பேரையே கெடுத்துக்கற. எழுந்திரு."

"பொய் இல்ல! இந்தா!" குடுவை மூடியைப் பல்லால் இழுத்துத் திறந்தாள். "இது மணல்கரை. குடி."

"நான் அடுத்தவன் ஒயின்..."

"ரொசாவுரா மேல ஆணையா, ஒரு வாய்!"

அவன் வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு, வருவதற்காகக் காத்திருந்தான். தொண்டையில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தான். காற்று அடித்தது. எங்கோ மெஷின்காரர்கள் சிரிக்கும் சத்தம். இரண்டாவது வாய் குடித்தான். மூன்றாவது வாய் குடித்தான். பிறகு, பிப்ரவரியிலிருந்து அழாத அந்த மனிதன், குடுவையை மடியில் வைத்துக்கொண்டு உடம்பு குலுங்க அழுதான்.

"ஸ்ட்ராபெரி," என்றான். "ஸ்ட்ராபெரி வாசம் அடிக்குது."

அவளும் அழுதாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், எல்லாம் சரியாகிவிட்டது போலத்தான் இருந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து மேட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் குடுவையின் மூடியை மண்ணில் தேடினாள்.

"எதெல். எப்பத் தெரியும்?"

"செப்டம்பர் பதினாறு. காலையில."

"திருநாளுக்கு முந்தியே."

"ஆமா."

"நான் கடைக்குள்ள வந்து உன்னைக் கேட்டேனே. உன் மூஞ்சிக்கு நேரா நின்னு கேட்டேனே."

"ஆமா."

"கையெழுத்து போட்டது ரெண்டாந் தேதி. மெஷின் வந்தது முந்தாநாள்." அவன் எழுந்து நின்றான். தலைகீழாகக் கிடந்த கட்டைகளை ஒருமுறை கண்ணால் சுற்றினான். கோபப்படுவான், அறைவான் என்று எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"மிச்சத்தையாவது நிறுத்து," என்று கெஞ்சினாள். "பாதி நிக்குதே!"

"எழுதிக் குடுத்தாச்சு." குடுவையை அவளிடம் நீட்டினான். "வெள்ளிக்கிழமை மக வீட்டுக்குப் போறேன்."

"நான் ஊர்ல சொல்லிடறேன் ஒனோஃப்ரே. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் கோயில் வாசல்லயே நின்னு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். கடை போகட்டும். பேர் போகட்டும். காறித் துப்பட்டும்."

"வேணாம்."

"சொல்லாம எப்படி..."

"வேணாம் எதெல். சொன்னா உனக்கு லேசாயிடும்."

அவன் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாப்பாடு முடித்து வந்த மெஷின்காரர்கள், ரோட்டோரம் நின்ற பெண்மணிக்கு மரியாதையாகத் தொப்பியைத் தூக்கிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். பெலார்மினோவின் பேருந்து திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் முதுகுக்குப் பின்னால் வேர்கள் அறுபடும் சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"ஏறுங்க தோன்யா," என்றான் பெலார்மினோ. முன் இருக்கையைக் கையால் தட்டித் தூசி போக்கிக் கொடுத்தான். வண்டி ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை பொறுத்துவிட்டு மெதுவாகக் கேட்டான்: "என்ன சொன்னாரு? நல்லாப் போன ஒயின விட்டுட்டு ஏன் இந்த முடிவாம்?"

எதெல்மிரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒண்ணும் சொல்லல," என்றாள்.